அப்பாவும் நானும் ஓர் ஆளில்லாத் தீவும்

“ஏம்மா, நானும் மூணு நாளா பாக்குறேன். அந்த ஊருல ஒரு ஆளு இல்ல, ஆடு மாடு இல்ல. நீ பாட்டுக்கு ராத்திரி பூரா நடந்துகிட்டே இருக்கியே, எங்கதான் போற?”

அப்பா இதைக் கேட்டபோது இரவு பதினொன்றரை மணி. கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை மட்டும் என் பக்கம் திருப்பியிருந்தார். நான் கீழே பாய் விரித்து, மரப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, ஒரு தீவில் நடந்துகொண்டிருந்தேன்.

“ஒரு கதவு திறக்க மாட்டேங்குதுப்பா. அதுக்கு வழி தேடுறேன்.”

“சாவி யார்ட்ட இருக்கு?”

சாவி யாரிடமும் இல்லை. அதுதான் அந்த விளையாட்டு. பெயர் ‘தி விட்னஸ்’. ஜோனதன் ப்ளோ என்ற அமெரிக்கர், 2008-இல் வெளியிட்ட ‘பிரெய்ட்’ என்ற விளையாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டு, ஒரு சிறிய குழுவோடு பல வருடம் உட்கார்ந்து செய்து, 2016 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு தீவு, அதில் 600-க்கும் மேற்பட்ட புதிர்கள். சுடுவதில்லை, துரத்துவதில்லை, சாவதும் இல்லை. பலகைப் புதிர்கள் எல்லாம் ஒரே வகை: கட்டம் போட்ட ஒரு பலகை, அதில் ஒரு வட்டம். வட்டத்தில் தொடங்கிக் கோடு இழுத்துக்கொண்டே போய் முனையில் முடிக்க வேண்டும். எந்த வழியாக என்பதுதான் கேள்வி. விதி என்ன என்று எங்கும் எழுதியிருக்காது. நடக்கும்போது பின்னணி இசையும் கிடையாது. காற்று, தண்ணீர், நம் காலடிச் சத்தம், அவ்வளவுதான். சரளையில் நடந்தால் ஒரு சத்தம், மரப்பலகையில் நடந்தால் வேறு சத்தம்.

நான் விளையாட்டுக்காரி இல்லை. போனில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டுக்கு மேல் போனதில்லை. நாற்பத்திரண்டு வயதில் இதில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அப்பாவின் இடுப்பெலும்பு.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அந்த வருடம் குறுவை அறுத்துவிட்டு, தாளடிக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். அண்டை வெட்டி, மண் பூசி, இன்னும் காயாத வரப்பு. 74 வயதில் அதில் செருப்போடு நடக்கலாமா? நடந்தார், வழுக்கினார். தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: வாக்கர் பிடித்து நடக்கலாம், ஆனால் தனியாக எழுந்திருக்கவே கூடாது, குறிப்பாக இரவில். இன்னொரு முறை விழுந்தால் கஷ்டம்.

அண்ணன் சிங்கப்பூரில். அம்மா இல்லை. நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒத்துக்கொண்டார்கள். பகலில் ஒத்தாசைக்கு எதிர்வீட்டுச் சித்தி இருந்தார். இரவு என் பொறுப்பு. அப்பா இரவில் மூன்று முறை எழுந்திருப்பார். எப்போது எழுவார் என்று தெரியாததால் நான் தூங்குவதே இல்லை. தூங்காமல் என்ன செய்தேன் என்றால், போனைத் தேய்த்தேன். ஒரு ரீல், இன்னொரு ரீல், யாரோ சமைக்கிறார்கள், யாரோ அழுகிறார்கள், யாரோ மழையைக் காட்டுகிறார்கள். இரண்டு மணிக்கு நிமிர்ந்தால் கண் எரியும். பார்த்ததில் ஒன்றும் நினைவில் இருக்காது. மறுநாள் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன். அப்பாவிடமும் இரண்டு முறை கத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன், தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிப்பவன், என் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தன் பழைய லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனான். “அத்தை, இதுல யாரும் சுட மாட்டாங்க. அவசரமே கிடையாது. நடுவுல தாத்தா கூப்பிட்டா அப்படியே போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது. தானா சேவ் ஆயிக்கும்.” அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்காகத்தான் சரி என்றேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தகுதி ஒரு விளையாட்டுக்கு இல்லை. பாதியில் விட்டால் தண்டிக்கிற விளையாட்டு எதையும் அந்த நிலைமையில் தொடாதீர்கள்.

முதல் இரவு தோல்விதான். இருட்டான ஒரு பாதையில் தொடங்குகிறது. தூரத்தில் வெளிச்சமாக ஒரு கதவு. அதில் ஒரு நேர்க்கோடு இழுத்தால் திறக்கும். அடுத்த கதவில் கோடு ஒரு முறை வளையும். அதற்கப்புறம் மதில் சூழ்ந்த ஒரு தோட்டம். அதுவரை நன்றாகத்தான் போனது. ஆனால் மவுஸால் தலையைத் திருப்புவதும் இடது கையால் நடப்பதும் எனக்குச் சேர்ந்து வரவில்லை. சுவரைப் பார்த்து நடந்தேன், வானத்தைப் பார்த்து நடந்தேன். இருபது நிமிடத்தில் குமட்டல் எடுத்து மூடிவிட்டேன்.

மருமகனைக் கேட்டால், நம் கண்ணால் பார்ப்பது போலக் காட்டும் எந்த விளையாட்டிலும் சிலருக்கு இப்படி ஆகும் என்றான். கண் நகர்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது. பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருவதும் இதே மாதிரிதான், அங்கே தலைகீழ்: கண் நகரவில்லை என்கிறது, காது நகர்கிறோம் என்கிறது. எனக்குக் கேட்ட வைத்தியத்தைச் சொல்கிறேன். இருட்டில் விளையாடாமல் அறை விளக்கைப் போட்டுக்கொண்டேன். திரையை மூக்குக்கு முன்னால் வைக்காமல் ஒரு கை தூரம் தள்ளி வைத்தேன். ஓடுகிற பொத்தானைத் தொடவே இல்லை, நடைதான். ஒரே நேரத்தில் நடக்கவும் திரும்பவும் செய்யாமல், நின்று திரும்பி, அப்புறம் நடந்தேன். தலை லேசாகக் கனக்கிற மாதிரி இருந்தாலே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று போனால் மறுநாள் காலை வரை பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு நாளில் பழகிவிட்டது. பழகாதவர்களும் உண்டு, அவர்கள் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். வேறு விளையாட்டு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இனி அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டங்கள். தோட்டத்தைத் தாண்டி வெளியே வந்தால் வரிசையாகப் பலகைகள் நிற்கும். முதல் பலகையில் ஒரு கருப்புச் சதுரம், ஒரு வெள்ளைச் சதுரம். கோட்டை இரண்டுக்கும் நடுவே இழுத்தேன், ஏற்றுக்கொண்டது. அடுத்ததில் இன்னும் சில சதுரங்கள். அதற்கும் ஏதோ இழுத்தேன், ஏற்றுக்கொண்டது. ‘ஓகோ, கோடு வெள்ளையைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும் போல’ என்று நானாக ஒரு விதி எழுதிக்கொண்டேன். நான்காவதோ ஐந்தாவதோ பலகையில் மாட்டினேன். வெள்ளையை எல்லாம் தொட்டுக்கொண்டுதான் போகிறேன், சிவப்பாக மின்னிவிட்டு மறுக்கிறது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

உண்மையில் விதி எளியது: இழுக்கிற கோடு பலகையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். ஒரு துண்டுக்குள் கருப்பும் வெள்ளையும் சேர்ந்து இருக்கக் கூடாது. முதல் இரண்டு பலகைக்கு என் தப்பு விதியும் பொருந்தியது, சரியான விதியும் பொருந்தியது. அதனால்தான் ஏமாந்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பில் ஒத்துப்போனதால் பேரேடு சரி என்று யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

அன்றிலிருந்து ஒரு பழைய ரசீது புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் ‘இப்படி இருக்கலாம்’, வலது பக்கம் ‘எந்தப் பலகையில் ஒத்துவரவில்லை’. மாட்டிக்கொண்டால் முன்னால் போகாமல் பின்னால் போவேன். ஏற்கெனவே தீர்த்த பலகைகளை மறுபடி பார்த்து, என் விதி எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பேன். இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதித் தீவு திறந்துவிடும். குருட்டாம்போக்கில் இழுத்துப் பார்ப்பதை அந்த விளையாட்டே தடுக்கிறது. சில இடங்களில் தப்பாகப் போட்டால் பலகை அணைந்துவிடும், முந்தைய பலகையை மறுபடி தீர்த்தால்தான் உயிர் வரும்.

நோட்டில் நான் கட்டம் போடுவதைப் பார்த்த சித்தி, “என்னாடி, சிக்குக் கோலம் போட்டுப் பாக்குறியா?” என்றார். விளையாட்டைப் பார்த்த எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இங்கே கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் தனித்தனி. புள்ளி வைத்திருந்தால் அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும். கோலம் போடத் தெரிந்த சித்தியை உட்கார வைத்துப் பார்த்தேன், என்னைவிடத் தடுமாறினார். கை பழகிய பழக்கம் குறுக்கே வந்தது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு நான் திறக்கப் பார்த்த கதவு தீவின் நடுவில் உள்ள ஊர்ப் பகுதியில் இருக்கிறது. அதில் செங்கல்லை அடுக்கி வைத்தது போல ஒரு குறி. நான் அதுவரை பார்க்காத குறி. இரண்டு இரவு அந்தக் கதவிலேயே நின்றேன். எத்தனை விதமாக இழுக்கலாமோ அத்தனையும் இழுத்தாயிற்று. மூன்றாம் இரவுதான் அப்பா வாய் திறந்தார்.

“ஒரு மடையில தண்ணி ஏறலன்னா அங்கயே நின்னு மண்ணக் கொத்திக்கிட்டிருந்தா ஆவுமா? மேல போயி எங்க அடைச்சிருக்குன்னு பாக்கணும்.”

அவர் தீவைப் பற்றிச் சொன்னாரா, என்னைப் பற்றிச் சொன்னாரா, தெரியாது. வயலைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த விளையாட்டின் அமைப்பே அதுதான். ஒவ்வொரு குறிக்கும் தீவில் எங்கோ ஒரு பாடசாலை இருக்கிறது. அங்கே போய் அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டு வந்தால் ஊரில் உள்ள கதவு திறக்கும். செங்கல் குறிக்கான பாடம் சதுப்பு நிலத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குறியின் வடிவம் எதுவோ, அதே வடிவத்துக்கு இடத்தைக் கோட்டால் வளைத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் ஒருவர் பத்து வருடம் நின்றாலும் அந்தக் கதவு திறக்காது.

அதற்குப் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: ஒரு பலகையில் பத்து நிமிடம். விதி தெரிந்து, வழி மட்டும் தெரியவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிடம் தரலாம். விதியே தெரியவில்லை என்றால் உடனே இடத்தைக் காலி செய்வது.

அப்பா அன்றிலிருந்து பார்வையாளர் ஆனார். கட்டிலின் தலைமாட்டில் தலையணை அடுக்கி உட்கார வைத்தேன். முதலில் அவருக்குப் பிடித்தது புதிர் இல்லை, படகு. கரையில் ஒரு படகு உண்டு. அதில் உள்ள வரைபடத்தில் எங்கே போக வேண்டும் என்று காட்டினால் அதுவே தீவைச் சுற்றிக்கொண்டு போகும். “இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?”, “அந்தக் கரையை ஏன் உடைஞ்ச மாதிரி வச்சிருக்கான்?” என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒரு புதிரும் தீர்க்காமல் படகில் சுற்றியே சில இரவுகள் போயின. அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பாலைவனம். இடிந்த ஒரு கோயில் மாதிரிக் கட்டடம், சுற்றிலும் மணல், வெயில். பலகைகளில் ஒரு குறியும் இல்லை. வெறும் கட்டம். மூன்று நாள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனேன். நான்காம் நாள் அப்பா சொன்னார்:

“நேரா நின்னு பாத்தா எப்பிடித் தெரியும்? பரம்படிச்ச வயல நடு வயல்ல நின்னா பாப்பாங்க? வெயிலு எதுக்க வர்ற மாதிரி நில்லு.”

பரம்படித்து, அதாவது உழுத சேற்றைப் பலகையால் மட்டமாக்கி முடித்ததும் அப்பா என்ன செய்வார் என்று சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வரப்பில் சூரியன் இருக்கிற திசையைப் பார்த்துக் குந்தி உட்காருவார். வயலில் விரற்கடை அளவுதான் தண்ணீர் நிற்கும். நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சேற்று நிறம். கண்ணைத் தாழ்த்தி வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் தண்ணீர் தகடு மாதிரி மின்னும். எங்கே அந்த மினுமினுப்பு அறுந்து கருப்பாகத் தெரிகிறதோ அங்கே மேடு. “அந்தா, வடக்கு மூலையில ஒரு கை மண்ணு எடு” என்பார். மட்டப்பலகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

விளையாட்டில் குந்த முடியாது. ஆனால் பக்கவாட்டில் நகரலாம். பலகையைச் சுற்றி மெதுவாக நகர்ந்தேன். ஓர் இடத்தில் சூரியன் பலகையில் பளீரென்று அடித்தது. அந்த வெளிச்சத்துக்குள், யாரோ விரலால் ஏற்கெனவே தேய்த்துவிட்டுப் போன மாதிரி, ஒரு கோட்டின் தடம். அதன் மேலேயே இழுத்தேன். திறந்துவிட்டது. “ம்” என்றார் அப்பா. அவ்வளவுதான் அவர் கொண்டாட்டம். எனக்குத்தான் கை நடுங்கியது. அந்தத் தீவில் பலகையை மட்டும் பார்த்தால் போதாது, நிற்கிற இடத்தையும் வெயிலையும் மரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இதற்கு மேல் ஒரு ரகசியமும் இருக்கிறது, அதை நான் சொல்லப்போவதில்லை. தானாகக் கண்டுபிடித்தால் தலைமுடி சிலிர்க்கும்.

நிறம் மாறுகிற இடத்தில் இன்னொரு வேடிக்கை. வண்ணக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடம். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தால் பலகையில் உள்ள சதுரங்களின் நிறம் வேறாகத் தெரியும். உண்மையான நிறம் எது என்று கணக்குப் போட வேண்டும். அப்பா வலது கண்ணைப் பொத்தி ஒரு நிறம் சொன்னார், இடது கண்ணைப் பொத்தி வேறு நிறம் சொன்னார். ஒரு கண்ணுக்கு மட்டும்தான் புரை எடுத்திருந்தோம். புரை உள்ள கண்ணுக்கு வெள்ளை எல்லாம் மஞ்சளடித்துத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளையாட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாரமே கண் மருத்துவரிடம் தேதி வாங்கினேன். நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு அந்தப் பகுதி கஷ்டம், பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

காது பகுதியும் அப்படித்தான். காட்டுக்குள் பறவைச் சத்தம் கேட்கும். சத்தம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஏற்பக் கோட்டையும் மேலே, நடுவே, கீழே என்று கொண்டுபோக வேண்டும். எனக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. அது ஐப்பசி மாதம் வேறு. கொல்லையில் தவளை கத்துகிறது, விடிகாலையில் உட்கார்ந்தால் செம்போத்து ‘கூப் கூப்’ என்று தொடங்கிவிடுகிறது. தீவில் கத்துவது எது, வேலியில் கத்துவது எது என்றே பிரியவில்லை. இரண்டு வீடு தள்ளி நாதசுரம் கற்றுக்கொள்கிற ஒரு பையன் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். “அக்கா, மேல, கீழ, நடு, மேல... இதுல என்னக்கா இருக்கு?” என்று பொரி கொறித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் வெட்கப்படவில்லை. இதைத் தனியாகவே தீர்க்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

வெட்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. ஓர் இரவு, மழை, அப்பா தூங்கிவிட்டார், நானும் சலித்துப்போயிருந்தேன். ஊரில் உள்ள ஒரு பலகைக்கு விடையை இணையத்தில் பார்த்து அப்படியே இழுத்துவிட்டேன். கதவு திறந்தது. உள்ளே போனால் அதே விதியில் இன்னும் கடினமாக இன்னொரு பலகை. விதியே புரியாமல் உள்ளே வந்துவிட்டேன், இனி அதற்கும் விடை பார்க்க வேண்டும். மூடிவிட்டுப் படுத்தேன். மறுநாள் மருமகனிடம் சொன்னபோது திட்டவில்லை. “மாட்டிக்கிட்டா எனக்குப் போட்டோ அனுப்புங்க அத்தை” என்றான். அதற்கப்புறம் நான் அனுப்புகிற படத்துக்கு அவனிடமிருந்து விடை வராது. “மர வீட்டுப் பக்கம் போனீங்களா?” என்று ஒரு வரி வரும், அல்லது “திரும்பிப் பாருங்க” என்று வரும். உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் இருந்தால் விடாதீர்கள். விடை சொல்கிற ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பான்.

தூக்கத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இது தூக்க மருந்து இல்லை. முதல் பத்து நாள் கண்ணை மூடினால் கட்டம்தான் தெரிந்தது. ஜன்னல் கம்பி, கொடித்துணி, ஆஸ்பத்திரி பில் எல்லாவற்றிலும் கோடு இழுத்தேன். ஒரே விளையாட்டை அதிக நேரம் ஆடினால் இப்படி வருவதை ‘டெட்ரிஸ் விளைவு’ என்பார்கள். நான் செய்த தவறு, கடினமான பலகையோடு படுக்கப் போனது. பிறகு மாற்றிக்கொண்டேன். பத்து மணி வரை புதிர், அதற்கு மேல் நடை அல்லது படகு மட்டும், பதினொன்றுக்கு மூடிவிடுவது. போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கும். அப்பா எழுந்தால் எழுப்பட்டும் என்று ஒரு சிறிய வெண்கல மணியைக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். நிஜமாகத் தூங்க வைத்தது அந்த மணிதான். அதை முதல் வாரமே செய்திருக்கலாம். ஆனால் முதல் வாரம் எனக்கு எதையும் யோசிக்கிற புத்தி இல்லை.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களும், தலை சுற்றுகிறவர்களும் போனில் ‘மான்யுமென்ட் வேலி’ ஆடிப் பார்க்கலாம். லண்டனில் உள்ள நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. ஐடா என்ற சின்னப் பெண், எஷர் என்ற ஓவியர் வரைந்த நடக்கவே முடியாத படிக்கட்டுகள் மாதிரியான கட்டடங்கள். நாம் அவற்றைத் திருப்பித் திருப்பி அவளுக்குப் பாதை உண்டாக்க வேண்டும். பத்தே அத்தியாயம், இரண்டு மூன்று இரவுக்குத்தான் வரும். புதிரே வேண்டாம், சுற்றினால் போதும் என்பவர்களுக்கு ‘எ ஷார்ட் ஹைக்’. 2019-இல் வந்தது, கம்ப்யூட்டரில் ஆடுவது. ஒரு பறவைப் பெண் போன் சிக்னல் கிடைக்க மலை உச்சிக்கு ஏறுகிற கதை. எங்கள் ஊரில் மொட்டை மாடிக்கு ஏறுகிற எல்லாருக்கும் அது புரியும். மருமகன் இரண்டையும் தள்ளுபடி நாட்களில்தான் வாங்கினான், அவசரப்பட்டு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

தீவில் ஒரு பகுதியை முழுதாகத் தீர்த்தால் ஒரு பெட்டி திறந்து, அதிலிருந்து ஒளிக்கதிர் ஒன்று மலை உச்சியை நோக்கிப் பாயும். அப்படி மொத்தம் 11 கதிர். 7 இருந்தாலே மலை திறந்துவிடும். எங்களுக்கு ஆறு வரை கார்த்திகைக்குள் வந்துவிட்டது. ஏழாவதற்கு இழுத்தது. அதற்குள் அப்பா வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை வரத் தொடங்கியிருந்தார். நட்ட தாளடியில் மழைத் தண்ணீர் நின்று, வடிகாலைத் திறக்க ஆள் தேடி, அந்தக் கவலையில் ஒரு வாரம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. தண்ணீர் வடிந்த அன்று இரவு அவரே கேட்டார், “அந்த ஊருல என்னா பாக்கி?”

ஏழாவது கதிர் வரவேண்டிய இரவு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பலகைக்கு வழி தெரிந்துவிட்டது, நோட்டில் வரைந்தும் வைத்துவிட்டேன். ஆனால் இழுக்காமல் மூடிவிட்டேன். மறுநாள் காலை, காபி குடித்துவிட்டு அவர் உட்கார்ந்த பிறகு, மவுஸை அவர் கையில் கொடுத்து, அந்தக் கை மேல் என் கையை வைத்து இழுக்க வைத்தேன். கோடு கோணலாகப் போகப் போக அதுவே நேராக்கிக்கொண்டது. பெட்டி திறந்தது, கதிர் போனது. “எங்க போயிச் சேருது?” என்றார். மலை உச்சியைக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

மலைக்குள் நாங்கள் போனது தை பிறந்த பிறகு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் ஆடப்போகிறவர்களுக்குச் சுவை போய்விடும். எங்கோ உள்ளே நேரக் கணக்கு வைத்து விரட்டுகிற ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது என்று மருமகன் சொன்னான். அதை நாங்கள் தேடவில்லை. மாசியில் அறுவடை முடிந்ததும் நான் திருச்சிக்கு வந்துவிட்டேன். லேப்டாப்பை அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, “தாத்தாவுக்குப் படகு ஓட்டத் தெரியும்ல, அங்கயே இருக்கட்டும்” என்றான். நாதசுரப் பையன் சாயங்காலம் வந்து போட்டுக் கொடுக்கிறானாம். போன ஞாயிறு போன் செய்தபோது அப்பா சொன்னார், கிழக்குக் கரையில் நான் பார்க்காமல் விட்ட பலகை ஒன்று இருக்கிறதாம்.